நான்காம் விதியும் என் வலது முழங்கையும்

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் கொட்டகையின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. அதில் பார் விளையாட்டுக்கான விதிகள் ஏழு இருந்தன. நான்காவது விதி இது: பாரிலிருந்து பின்சாட்டம் சாடுகிறவனுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் கைநீட்டி நிற்க வேண்டும், இருவரும் ‘ஆச்சு’ என்று சொல்லும்வரை சாடுகிறவன் கம்பியை விடக் கூடாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தப் பலகையை எழுதும் வேலையை டிரில் சார் என்னிடம்தான் கொடுத்திருந்தார்.

கொல்லம் ஆண்டு 1109, கும்ப மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1934இன் தொடக்கம். ஒரு சனிக்கிழமை நான் சாடியபோது என் இடது பக்கம் ஒருவன் நின்றான். வலது பக்கம் யாரும் இல்லை. என் வலது முழங்கை மூட்டு நழுவியது.

முழங்கை நழுவியோ முறிந்தோ வீட்டில் உட்கார்ந்து பிறர் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. முப்பத்திரண்டு வருடம் தாலுகா கச்சேரியில் கோப்பு பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவன். எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் படுத்திருக்கும் என்று சொல்லத் தெரியும். எலும்புக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. அதைக் குறுக்கு வழியில் நகர்த்தப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

பார் என்பது இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் போட்ட இரும்புக் கம்பி. அதைப் பிடித்துத் தொங்கி, முன்னும் பின்னும் ஆடி வேகம் ஏற்றி, கால்கள் கம்பியின் உயரத்தைத் தாண்டி மேலே போகும் கணத்தில் கையை விட வேண்டும். உடம்பு பின்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கால்கள் மணலில் ஊன்றும். குதிப்பதை எங்கள் பக்கத்தில் சாடுவது என்போம். அதனால் அதற்குப் பின்சாட்டம் என்று பெயர். முன்னாலேயே விட்டால் சுற்று முடியாது. பிந்தி விட்டால் கம்பியே மண்டையில் அடிக்கும்.

இரண்டு வருடம் பாரில் எங்கள் பள்ளிக்கு நான்தான் முதல் ஆள். கம்பிக்கு மேலே செய்ய வேண்டியதெல்லாம் எனக்கு வந்தது. இறங்கும்போது மட்டும் சாதாரணமாக இறங்கினேன். ஆறாம் பாரத்துக்கு (பள்ளியின் கடைசி வகுப்பு) வந்த வருடம் இரணியல் பக்கத்திலிருந்து தாசையன் என்பவன் வந்து சேர்ந்தான். பனையேற்றம் நடக்கிற வீடு. பன்னிரண்டு வயதிலிருந்து அப்பனோடு மரம் ஏறியவன். பள்ளிக்கூடச் சம்பளம் இல்லாமல் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தான். அவனுடைய முன்னங்கைகள் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். உள்ளங்கையில் எனக்குக் கொப்புளம் வரும் இடத்தில் அவனுக்குத் தோல் காய்த்துப்போய் மாட்டுக் குளம்பு போல இருந்தது.

டிரில் சார் ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டிப் பின்சாட்டத்தை விளக்கினார். நான் மூன்று மாதம் முயன்றேன். தாசையன் எனக்குப் பிந்தித் தொடங்கிப் பதினோராவது நாளே சாடி, மணலில் ஊன்றி, ஒரு அடிகூட நகராமல் நின்றான். நின்றுவிட்டு, ஏதோ வண்டியிலிருந்து இறங்கியவன் மாதிரி வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

அப்போது எனக்கு மேல்வயிற்றில் ஒரு சூடு ஏறியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். என் கைதட்டல் மட்டும் தனியாக என் காதில் விழுந்தது. நோய் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்பார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் நான் சொன்னது விழுந்த தேதி. சரியான தேதி அதற்கு மூன்று வாரம் முந்தியது.

மீன மாதத்தில் திருவனந்தபுரத்தில் பல பள்ளிகள் சேர்ந்து உடற்பயிற்சிக் காட்சி நடத்த இருந்தன. பார் விளையாட்டின் கடைசியில் பின்சாட்டம் சாட ஒரே ஒருவனுக்குத்தான் இடம். அந்தச் சனிக்கிழமை யார் சுத்தமாகச் சாடுகிறானோ அவன் போகலாம் என்று சார் சொல்லியிருந்தார். தாசையன் சாடி முடித்திருந்தான். அடுத்தது நான். சார் கொட்டகை வாசலில் யாரோ வந்து கூப்பிட்டதால் அந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். என் வலது பக்கம் கைநீட்டி நின்றவன் தாசையன்.

“ஆச்சு,” என்றான் இடது பக்கத்தவன்.

தாசையன் ‘ஆச்சு’ சொல்லவில்லை. “செல்வராசே, நீ எப்பவும் கால் மேல போகும் முன்னயே விட்டுருக. கொஞ்சம் பொறுத்து விடு, கேட்டியா?”

“நீ தள்ளி நில்லு.”

“என்னத்துக்கு?”

“நீ நின்னா, நீ பிடிச்சதுனாலதான் நான் நின்னேன்னு நாளைக்குப் பேச்சு வரும்.”

“ஆருலே சொல்லுவா? பலகையில எழுதிப் போட்டிருக்குல்லா?”

“எழுதினவன் நான். தள்ளி நில்லுன்னுதான் சொல்லுகேன்.”

அவன் இரண்டு எட்டு பின்னால் போனான். நான் முறைத்ததும் இன்னும் இரண்டு எட்டு. விதியை எழுதியவனுக்கு அந்த விதி பொருந்தாது என்ற நம்பிக்கையைப் பிற்பாடு பெரிய அதிகாரிகள் பலரிடம் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பதினெட்டு வயதிலேயே வந்துவிட்டது.

ஆடினேன். மூன்றாவது ஆட்டத்தில் விட வேண்டும். அந்தக் கணத்தில் கம்பியைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன். முன்னாலேயே விட்டுவிட்டேன். சுற்று முடியாமல் முகம் கீழே பார்க்க வந்து, வலது கையை நீட்டி ஊன்றினேன். ஈர விறகு ஒடிவது போல மந்தமான ஒரு சத்தம். எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது முழங்கைக்குப் பின்னால் ஒரு முழங்கை இருந்தது.

வில்வண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா மிஷன் துவக்கப்பள்ளியில் வாத்தியார். செய்தி கேட்டு எங்களுக்கு முன்னால் வந்து நடையில் நின்றிருந்தார். டாக்டர் நம்மூர்க்காரர்தான், நடுவயது, பேச்சில் சிரிப்பு இருக்கும், கையில் இருக்காது.

“என்ன சாட்டம்?”

“பின்சாட்டம்.”

“முன்னால பாத்து நடந்து படிச்ச பெறவு பின்னால சாடப்பிடாதா?”

குளோரோபாரம் (மூக்கில் துணி வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும் மயக்க மருந்து) கொடுத்து மூட்டை இழுத்து வைத்தார்கள். விழித்தபோது கை மடக்கிக் கழுத்தில் கட்டித் தொங்கியது. டிஸ்லொகேஷன் (எலும்பு முறியாமல் மூட்டுக் குழியிலிருந்து நழுவுவது) என்றார் டாக்டர். அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

“மூணு கிழமை, இருவத்தொரு நாள், கெட்டு அவுக்கப்பிடாது. அதுக்குப் பெறவு அவனாத்தான் பையப் பைய மடக்கி நீட்டணும். எண்ணெ போட்டுத் தடவப்பிடாது. வேற ஆரும் பிடிச்சு இழுத்து நீட்டப்பிடாது. வேற எது மறந்தாலும் இது மறக்காதீங்க.”

அப்பா ஒரு தாளில் எழுதிக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

நான்கு நாள் வார்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் திற்பரப்புக்காரர் ஒருவர், அருவிப் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவர். இரண்டு கைகளாலும் முதுகைச் சொறிவார். சொறிந்து முடித்துக் கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு படுப்பார். கால் முறிந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். உங்களுக்கும் இது வரும். யாரோ கிணற்றில் தண்ணீர் இறைப்பதையும் யாரோ தலை துவட்டுவதையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எந்த டாக்டரும் இதை எழுதிக் கொடுப்பதில்லை. அதனால் இது நமக்கு மட்டும் வந்த கெட்ட புத்தி என்று நினைத்துக்கொள்கிறோம். கெட்ட புத்திதான். ஆனால் எல்லோருக்கும் வருவது.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் தாசையன் வந்தான். மண்கலயத்தில் அக்கானி (பதனீர்) கொண்டுவந்திருந்தான். எஸ்தர் அக்கா அதை வாங்கி வைத்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். யாருக்கும் அடங்காத வாய்.

“திருவனந்தபுரத்துக்கு என்னய போகச் சொல்லியாச்சு,” என்றான் தாசையன்.

நான் சுவரைப் பார்த்தேன்.

“நீ சாடினது நல்லாதான் இருந்தது. விட்ட நேரந்தான் தப்பு. பனையில இருந்து எறங்கும்பவும் இங்ஙனதான், ஒரு கை போய்ச் சேருகதுக்கு முன்ன மத்த கைய விட்டா போச்சு.” தன் கைகளை நீட்டி, எந்த இடத்தில் விட வேண்டும் என்று காற்றில் காட்டினான். அந்தக் கைகள் தோளிலிருந்து விரல்நுனிவரை ஒரே கோடாக நீண்டன.

“ஏலே,” என்றாள் அக்கா, “கையிதானே நழுவிச்சு, நாக்கும் நழுவிப் போச்சா? வந்தவன்ட்ட ஒரு வார்த்த பேசு.”

அவன் போன பிறகும் அவன் கை காற்றில் காட்டிய இடம் அங்கேயே இருந்தது.

மறுநாள் அம்மாவின் தம்பி, என் மாமன், வீட்டுக்கு வந்தார். சிறுவயதில் களரியில் ஆசான்மாரிடம் சண்டைமுறையும் வைத்தியமும் படித்தவர். சுளுக்கு, பிடிப்பு என்றால் அக்கம்பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா பள்ளிக்குப் போயிருந்தார். அம்மாவும் அக்காவும் மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

“மாமா, கொஞ்சம் தடவித் தந்தா சீக்கிரம் சரியாவுமா?”

“நழுவின மூட்டுன்னா ஆசான்மாரே இருவத்தொரு நாள் கெட்டி வைப்பாவ. அதுக்கு முன்ன தொடமாட்டாவ. டாக்டர் என்ன சொன்னாரு?”

“தடவலாம்னு சொன்னாரு.”

“நெசமாட்டா?”

“நெசந்தான்.”

டாக்டரின் விதியும் ஆசான்மாரின் விதியும் ஒன்றாகவே இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பொய்யில் தாண்டினேன். தமிழ் வைத்தியத்தைக் குறை சொல்ல இந்தக் கதையை யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. இங்கிலீஷ் வைத்தியத்துக்கும் இதில் குறை இல்லை. காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதற்குள் கை நீண்டுவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒன்பது நாள் அவர் வீட்டுக்குப் போனேன். முறிவெண்ணெயைச் சூடாக்கி அழுத்தித் தடவி, கடைசியில் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்து நீட்டுவார். வலியில் கண் இருட்டும். இன்னும் இழுங்கள் என்பேன். முதல் நான்கு நாள் கை நீண்டது. ஐந்தாம் நாள் முன்னைவிடக் குறைவாக நீண்டது. ஏழாம் நாள் முழங்கைக்கு மேலே உள்பக்கம் கனகனவென்று சுட்டது. ஒன்பதாம் நாள் அங்கே ஒரு கட்டி. பாக்குக்கொட்டை அளவு, பாக்குக்கொட்டை மாதிரியே கடினம்.

மாமன் கையை எடுத்துவிட்டார். “மக்கா, இது சதையில்ல. நாளைக்கே டாக்டர்ட்ட போ.” எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். “அவரு சொல்லவேயில்ல, இல்லியா?”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டியைத் தொட்டார். எண்ணெய் வாசனையை முகர்ந்தார். சிரிக்கவில்லை. எக்ஸ்ரே (உடம்புக்குள் இருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுத்து, கண்ணாடிப் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். எலும்புக்கு முன்னால், எலும்பு இருக்கக் கூடாத இடத்தில், பஞ்சு போல ஒரு வெள்ளை.

“ஆரு தடவினா?”

நான் கட்டியை இடது கையால் மூடினேன்.

“செரி. ஆரு தடவச் சொன்னா?”

அவர் அப்பாவிடம் திரும்பிச் சொன்னார்: மயோசைட்டிஸ் ஆசிபிகன்ஸ் (காயம்பட்ட தசைக்குள் ரத்தம் கட்டி, அது எலும்பாக இறுகிப்போவது). புதுக் காயத்தைத் தடவி இழுத்தால் இது வரும். இப்போது வெட்டி எடுத்தால் மறுபடியும் இரண்டு மடங்காக முளைக்கும். அந்த எலும்பு முற்றி அடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு வெட்டிப் பார்க்கலாம். எவ்வளவு அசைவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது.

அப்பா மறுபடியும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முதல் தாளையும் அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

கை ‘ட’ என்ற எழுத்தைச் சற்று விரித்துப் போட்டது போல நின்றுவிட்டது. மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. எழுதலாம். வாய்க்கு எட்டாது. நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றை அம்மா செய்வித்துத் தந்தாள். வீட்டில் அதைக் கொண்டு சாப்பிட்டேன். பந்திகளுக்குப் போவதை விட்டேன். இராப்போஜன ஆராதனையில் அப்பத்தை இடது கையால் வாங்கியபோது ஐயர் (சபைப் போதகர்) ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் எனக்கானது என்று இன்றும் நினைக்கிறேன்.

தாசையன் திருவனந்தபுரத்தில் சாடினான். அசையாமல் நின்றான். பார்த்த அதிகாரி ஒருவர், மெட்ராசில் டிரில் வாத்தியார் பயிற்சிக்கு விண்ணப்பம் போடு, உன்னைப் போன்றவன் வர வேண்டும் என்று சொன்னாராம். பனையேறி வீட்டுக்கு முதல் வாத்தியார். விடுதியில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் வழியே அந்தச் சத்தம் கேட்டது.

அந்தப் பயிற்சிக்குப் பள்ளி மானேஜர் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்று வேண்டும். இது எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவை எனக்கு எப்போதுமே தெரியும்.

இடவ மாதம் (வைகாசி) மானேஜருக்கு ஒரு மனு எழுதினேன். நான்காம் விதியை எடுத்துக் காட்டினேன். வலது பக்கம் நிறுத்தப்பட்டிருந்தவன் சாட்டத்துக்கு முன் தன் இடத்தை விட்டு விலகினான் என்றும், பிடிக்க ஆளின்றி விழுந்ததில் வலது முழங்கை நழுவியது என்றும், இன்று அந்தக் கை ஊனம் என்றும், விசாரித்து நியாயம் செய்ய வேண்டும் என்றும் எழுதினேன். மனுவில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிற்காலத்தில் நான் படித்த ஆயிரக்கணக்கான மனுக்களில் அத்தனை சுத்தமான ஒன்றை அபூர்வமாகத்தான் கண்டேன்.

மிதுன மாதம் விசாரணை. மானேஜர், தலைமையாசிரியர், டிரில் சார். நான் கழுத்தில் கட்டிய தூளியில் கையோடு நாற்காலியில். தாசையன் நின்றான்.

“இடத்தை விட்டு விலகினாயா?”

“விலகினேன் ஐயா. அவன் தள்ளி நிக்கச் சொன்னான்.”

இடது பக்கம் நின்றவனைக் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். தனக்குக் கேட்கவில்லை என்றான். டிரில் சார் தான் வாசல் பக்கம் திரும்பி நின்றதாகச் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கை அப்படி இருக்கும்போது எப்படிக் கேட்பார்கள்? நடத்தைப் பதிவேட்டில் தாசையன் பெயருக்கு எதிரே ‘கடமையிலிருந்து விலகியவன்’ என்று எழுதினார்கள். சான்று நிறுத்தப்பட்டது.

வாசலில் நின்று விசாரணையைக் கேட்டிருந்த அக்கா வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். “நீ சொன்னியா, இல்லியா?”

“விதியில அது இல்ல.”

“நான் விதியக் கேக்கல. தள்ளி நில்லுன்னு சொன்னியா?”

நான் நடந்தேன். அவள் நின்றுவிட்டாள். அன்று தனித்தனியாகத்தான் வீடு சேர்ந்தோம்.

எனக்கு நிம்மதி வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் வந்தது. பிறகு அவன் மறுபடியும் மரம் ஏறுகிறான் என்று கேள்விப்பட்டு, எப்படி இருக்கிறான் என்று பார்க்கப் போனேன். இரக்கத்தில் போகவில்லை. விழுந்தவன் எப்படி இருப்பான் என்று பார்க்கத்தான் போனேன். அவன் பனையின் பாதியில் இருந்தான். ஒரு கையால் மரத்தை அணைத்து, இன்னொரு கையை முழு நீளத்துக்கு மேலே வீசிப் பிடித்து, உடம்பை இழுத்தான். பிறகு மற்ற கை. விழுந்தவன் என்னைவிட முப்பது அடி மேலே இருந்தான். அன்று எனக்கு வந்த பொறாமைக்கு முன்னால் பழையதெல்லாம் ஒன்றுமில்லை.

“கீழ நிக்கியது ஆரு? செல்வராசா?”

“நாந்தான்.”

இறங்கி வந்தான். இடுப்பில் பாளையருவாள், மார்பில் மரத்தின் சிராய்ப்பு. கேட்காமலே என் கையைப் பிடித்து, கட்டி இருந்த இடத்தை விரலால் தேடித் தொட்டான்.

“வலிக்கா?”

“இல்ல.”

“நீ சொன்னத நீ எழுதலியா?”

“ஆரும் கேக்கல்ல. எழுதல்ல.”

“செரி.” கையை விட்டான். “எழுதணும்னு தோணினா எழுது. வயசு வரம்பு தாண்டுகதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு.”

அவன் திட்டியிருந்தால் எனக்குக் கணக்குத் தீர்ந்த ரசீது கிடைத்த மாதிரி இருந்திருக்கும். அக்கானி குடிக்கியா என்று கேட்டான். குடித்தேன். இடது கையால்.

ஒரு வருடம் போயிற்று. 1110 மிதுனத்தில், எலும்பு முற்றிவிட்டது, வெட்டலாம் என்று டாக்டர் சொன்னார். குளோரோபாரத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அறுவைக்கு முந்திய நாள் பகலில் இரண்டாவது மனுவை எழுதினேன். தாசையன் தானாக விலகவில்லை, நானே விலகச் சொன்னேன், விதியை மீறியது நானே, பதிவேட்டைத் திருத்திச் சான்று வழங்க வேண்டும். எட்டு வரி. அக்கா படித்துவிட்டு என் தலைமாட்டில் தண்ணீர் வைத்தாள்.

பயம் எழுதவைத்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அனுப்பியது எப்படி என்று சொல்ல வேண்டும்.

மானேஜர் பங்களா எங்கள் வீட்டிலிருந்து அரை மைல். அக்காவிடம் கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே அவர் மேசையில் இருந்திருக்கும். அவர் பேனாவை எடுத்திருந்தால் மறுநாள் சான்று கிடைத்திருக்கும். நான் அதை முறையான வழியில் அனுப்பினேன். என் பழைய வகுப்பாசிரியர் மூலம் தலைமையாசிரியருக்கு, அவர் மூலம் கல்விக் கமிட்டிக்கு, கமிட்டி பார்த்து மானேஜருக்கு. முடிந்துபோன விசாரணையைத் திறக்கும் மனு அப்படித்தான் போக வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அது உண்மையும்கூட. கமிட்டி வருடத்தில் எத்தனை முறை கூடும் என்று எனக்குத் தெரியும். அது அக்காவுக்குத் தெரியாது.

மூன்று விரற்கடை நீளத்துக்கு ஒரு எலும்புத் துண்டை வெட்டி எடுத்தார்கள். விழித்தேன். டாக்டர் அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினார். இந்த முறை அவர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தேன். நானாக மடக்குவேன், நானாக நீட்டுவேன், வலி வந்தால் நிறுத்துவேன். சமையலறைச் சுவரில் கரிக்கோடு போட்டு, விரல் எட்டும் உயரத்தை அளந்தேன். சில வாரம் ஒரு கோடு ஏறும். சில வாரம் ஏறாது. ஒருமுறை இரண்டு கோடு இறங்கியது. சுரம் வந்த வாரம். இதைப் படிக்கிற நோயாளிகள் அதற்குப் பயப்பட வேண்டாம். மறுபடி ஏறும்.

தாசையன் வாரம் ஒருமுறை அக்கானிச் சுமையோடு அந்த வழியாகப் போவான். முற்றத்தில் நின்று கேட்பான்.

“பதில் வந்தா?”

“இல்ல. முறைப்படி போயிருக்கு. நேரமாவும்.”

“ஒனக்கல்லா அதெல்லாம் தெரியும்,” என்பான். நக்கல் இல்லை. நம்பித்தான் சொன்னான். பிறகு கையைப் பார்ப்பான். “காட்டு. ஏலே, போன கிழமைக்கு இது எவ்வளவோ மேலல்லா!”

விருச்சிகத்தில் என் விரல் என் மோவாயைத் தொட்டது. தனுவில் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டேன்; அதையும் முறையான வழியில்தான். மகரத்தில் முதல் கவளத்தை வலது கையால் வாயில் வைத்தேன். அம்மா அழுதாள். கும்பத்தில் தாசையன் வந்து, இந்த வருடம் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மீனம் முடிகிற நாள், அதாவது பங்குனிக் கடைசி, என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு வயது தாண்டிவிடும்.

“நேர்ல போய் ஒரு வார்த்த சொன்னா என்ன?” என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டான்.

“நேர்ல போனா கோப்பு கெட்டுப்போவும்.”

அவன் தலையாட்டிவிட்டுச் சுமையைத் தூக்கினான். இரண்டு கைகளும் தலைக்கு மேலே நேராகப் போயின. என் கை தோளுக்கு மேலே நேராகப் போவதில்லை. இன்றும் போவதில்லை.

மீனம் முழுவதும் தினமும் சட்டை போட்டேன். பங்களாவுக்குப் போகிற வழியில் உள்ள பாலம்வரை நடந்தேன். அங்கே நின்று கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, நாளை போகலாம் என்று திரும்பினேன். அந்த ஒரு மாதத்தில் சுவரில் நான்கு கோடு ஏறியது. என் கை தேறத் தேற அவன் நாள் குறைந்தது. அந்தப் பாலத்தில் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணினேன். எதற்காகத் திரும்பினேன் என்று இந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் தெரியும்.

மீனம் முடிந்தது. கச்சேரி வேலைக்கு எழுதிப்போட்டேன், கிடைத்தது. தாசையன் ஐம்பத்தெட்டு வயதுவரை மரம் ஏறினான். அவன் கைகள் கடைசிவரை நேராக நீண்டன.

என் முழங்கை மழைக்கு ஒருநாள் முன்னால் கனக்கும். வருடங்களை எனக்கு அதுதான் சொல்கிறது. காலண்டர்ப்படி நேற்று நடந்தது மறந்துபோகிறது. இந்த மூட்டில் அந்த ஒரே ஒரு மீன மாதம் மட்டும் முடியாமல் இருக்கிறது. கையை நீட்டும்போது கடைசி இரண்டு விரற்கடை தூரத்தில் அது தடுக்கும். அந்தத் தூரத்துக்கு அப்பால்தான் மற்றவர்கள் கைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது மேல்வயிற்றில் இன்றும் சூடு ஏறும். இதற்கு மருந்து உண்டு என்று நான் எழுதப்போவதில்லை.

இரண்டாவது மனுவுக்குப் பதில் வந்தது. பதிவேடு திருத்தப்பட்டது, சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, உரியவரிடம் மனுதாரரே சேர்ப்பிக்கவும் என்று இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. உறையின் மேல் நான் பெற்றுக்கொண்ட நாளை, வலது கையால், என் வழக்கமான நல்ல எழுத்தில் எழுதினேன்: கொல்லம் 1111, மேடம் 19. மீனம் முடிந்து பத்தொன்பதாம் நாள்.